பெரம்பலூர் தொடங்கி அரியலூர் வரை ஒரே எண்

பெரம்பலூரில் சாலையோரமாக ஓர் எண்ணை எழுதத் தொடங்குவோம். இலக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் இடம். 2இன் 1,04,43,557ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் எண் அது. மொத்தம் 31,43,824 இலக்கங்கள். எழுதி முடிக்கும்போது 31 கிலோமீட்டருக்கு மேல் நடந்திருப்போம், அரியலூர் வந்திருக்கும்.

இவ்வகை எண்கள் மெர்சென் எண்கள் எனப்படும். 1644இல் இவற்றைப் பட்டியலிட்ட பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென்னின் பெயர். நாம் எழுதியது பகா எண் அன்று. 3,72,89,32,59,94,807 அதை மீதியின்றி வகுக்கும். வகுத்துவிட்டால் கிடைக்கும் மீதிக் காரணிக்கு 31,43,811 இலக்கங்கள். சாலையில் குறைந்தது 13 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. எஞ்சிய நீளம் முழுவதும் பகா எண்தானா என்பதே இங்கு ஆய்வுப்பொருள்.

உடைந்துபோன எண்ணின் மிச்சத்தை ஆராய்வானேன் என்று கேட்பார் உளர். 1996 முதல் உலகெங்கும் கணினிகளைச் சேர்த்து நடக்கும் மெர்சென் பகா எண் தேடல், 2024இல் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட ஒன்றைக் கண்டது. அந்தத் தேடலில் காரணி அகப்பட்ட எண் போட்டியிலிருந்து விலகிவிடும். என் ஈடுபாடு விலகியவற்றில்தான். பெரம்பலூர் மாவட்டத்தின் காரை என்ற ஊரில் மழை மண்ணைக் கரைத்துக்கொண்டு போன இடங்களில்தான் பழங்கடலின் உயிர்ச்சுவடுகள் தலைகாட்டுகின்றன. கரைந்த மண்ணுக்காக அங்கே யாரும் போவதில்லை.

சிறிய எண்களில் இதைக் கையாலேயே காணலாம். 2இன் 11ஆம் அடுக்கில் 1 குறைந்தால் 2047. அதிலிருந்து 23ஐ எடுத்தால் 89, பகா எண். 29ஆம் அடுக்கில் அப்படி அமையவில்லை: 233ஐ எடுத்தபின் எஞ்சும் 23,04,167 மறுபடி 1103, 2089 என்று பிளந்துவிடுகிறது.

லட்சக்கணக்கான இலக்கங்களுக்கு வந்தால் பிளந்து பார்க்க வழியில்லை, சோதனைதான் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா கண்டது அதன் வேர். N பகா எண்ணாக இருந்து, அது வகுக்காத எண் ஒன்றை N−1 அடுக்குக்கு உயர்த்தி Nஆல் வகுத்தால், மீதி 1 வந்தே தீரும். இங்கே 2ஐக் கொண்டு சோதிப்பது வீண். அடுக்கு பகா எண்ணாக உள்ள மெர்சென் எண்ணின் எந்தக் காரணியும், பகு எண்ணாக இருந்தாலும், 2இன் சோதனையில் தேறிவிடும். ஆகவே 3.

3ஐ வர்க்கப்படுத்தி, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை எடுத்து, அதை மறுபடி வர்க்கப்படுத்த வேண்டும். நம் எண்ணுக்கு இப்படி 1,04,43,557 முறை. இரும எண்முறையில் இந்த வகுத்தல் மிக எளிது. நீண்டுவிட்ட முன்பகுதியை வெட்டிப் பின்பகுதியோடு கூட்டினால் ஆயிற்று. அந்த எளிமையை இழக்காமல் மீதிக் காரணியையும் சோதிக்க முடிவது எனக்கு இன்றும் வியப்பே. கடைசி விடையை மீதிக் காரணியால் ஒரே ஒருமுறை வகுத்தால் போதும். மீதிக் காரணி பகா எண்ணாக இருந்தால், எடுத்த காரணியோடு 1ஐக் கூட்டி, 3ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் வரும் மீதியும் இதுவும் ஒன்றாக இருக்கும். 89இல் பாருங்கள்: 3இன் 2048ஆம் அடுக்கும் 24ஆம் அடுக்கும் ஒரே மீதி தருகின்றன. நம் 31 கிலோமீட்டர் மீதியும் இச்சோதனையில் தேறியது.

தேறியும் அதன் பெயர் 'அனேகமாகப் பகா எண்'தான். 91ஐப் பார்த்தால் காரணம் விளங்கும். 7ஐ 13ஆல் பெருக்கினால் வரும் எண் அது, ஆனாலும் 3இன் சோதனையில் தேறிவிடும். பேரெண்களில் இத்தகைய ஏமாற்று மிக அரிது, இல்லையென்று சொல்வதற்கில்லை. 2002இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் எந்த எண்ணையும் ஐயமறத் தீர்க்கும் விரைவு முறை உண்டு என்று நிறுவினார்கள். இந்திய மண்ணில் விளைந்த மாபெரும் தேற்றம். ஆனால் இத்தனை இலக்கங்களுக்கு அந்த முறையைக் கணினியில் ஓட்டி முடிக்க நம் ஆயுள் போதாது.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் கல்மரத்தின் வயது சுமார் 12 கோடி ஆண்டு என்கிறார்கள் புவியியலாளர்கள். அந்தச் 'சுமார்' இருப்பதால்தான் நான் அதை முழுமையாக நம்புகிறேன். 'அனேகமாக'வையும் அதே மரியாதையோடு எழுத வேண்டும் என்பது என் கட்சி.

'அனேகமாக' வேண்டாம் என்பவர்களுக்கும் ஓர் எண் இருக்கிறது. 2இன் 37ஆம் அடுக்கில் 1ஐக் கழித்து, 223ஐ எடுத்துவிட்டால் 61,63,18,177. இதைப் பிளக்கும் எண் இருந்தால் அதை 74ஆல் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும், 24,826ஐத் தாண்டித் தேடவும் வேண்டாம். ஆக 335 எண்கள். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் விடுமுறையில் பங்குபோட்டு முடித்துவிடுவார்கள்.