அடுத்தவர் விசுவாசத்தை அளப்பது எப்படி?

முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள். அவசரம் கூடாது. டெக்சாஸில் இருக்கும் சித்தப்பா மகன் அங்கே சர்ச்சில் சேர்ந்தால் அது ஆன்மிகத் தேடல், கிளறக் கூடாது. வடபழனியில் உங்கள் வீட்டுப் பாத்திரம் தேய்ப்பவர் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டு, நெற்றியில் பொட்டில்லாமல் வந்து நின்றால், அதுதான் கேஸ்.

அடுத்து, என்ன வாங்கிக்கொண்டு மாறினார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கோதுமை, பால் பவுடர் என்பார்கள். இப்போது அரிசி மூட்டை. மூட்டையை யாரும் பார்த்ததில்லை என்பதெல்லாம் ஒரு குறையா? ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கும் ஊரில் அரிசிக்காக ஏன் மாற வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

வரலாற்றுப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். தாது வருஷப் பஞ்சத்தின்போது, ஓங்கோலில் இருந்த ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார், பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்ட ஒப்பந்தம் எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுத்தார். அவருக்கும் உங்கள் சந்தேகமேதான்: சோற்றுக்காக வருகிறார்களோ? அதனால் பஞ்ச நிவாரணம் நடந்த வரை ஞானஸ்நானம் கேட்டவர்களைக் காக்க வைத்தார். நிவாரணம் முடிந்த பிறகு, 1878 ஜூலை 3 அன்று, குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு எடுத்தார்கள். பெரும்பாலும் மாதிகர்கள், ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். கூலி நின்ற பிறகும் வந்தவர்கள் வேறு எதையோ தேடித்தான் வந்திருக்க வேண்டும். மனுஷனாக மதித்துப் பக்கத்தில் உட்கார வைத்ததுகூட அதில் ஒன்றாக இருக்கலாம். இதெல்லாம் உங்கள் வாதத்துக்கு உதவாது. அதே கால்வாயின் சென்னைத் துண்டும் அதே பஞ்சத்தில் வெட்டியதுதான். மயிலாப்பூர் போகும்போது பறக்கும் ரயில் தூண்களுக்கடியில் நாற்றம் வந்தால் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போய்விடுங்கள்.

எதிர்த் தரப்பிலும் உங்களுக்கு ஒரு கூட்டாளி உண்டு. எழுப்புதல் கூட்டத்தில் “கண்ணை மூடுங்க, ஏத்துக்கிட்டவங்க கையைத் தூக்குங்க” என்று சொல்லி, உயர்ந்த கைகளையெல்லாம் இரட்சிக்கப்பட்ட ஆத்துமாக்களாக நோட்டில் ஏற்றும் பாஸ்டர். போன கூட்டத்தில் தூக்கிய அதே கை மறுபடி உயர்ந்தாலும் அவருக்கு அது புது ஆத்துமாதான். அவர் கூட்டுகிறார், நீங்கள் கழிக்கிறீர்கள். கையைத் தூக்கியவளிடம் இரண்டு பேருமே ஒரு வார்த்தை கேட்பதில்லை.

தமிழ்நாட்டு சர்க்காரும் அளந்து பார்த்தது. 2002 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டப்படி, ஆசை காட்டி மாற்றினால் 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் பெண்ணோ பட்டியல் சாதியினரோ என்றால் 4 வருஷம் வரை, 1 லட்சம் வரை. இவர்களுக்குச் சொந்த புத்தி கொஞ்சம் குறைவு என்று சட்டமே சொல்லிவிட்டதால் உங்களுக்கு வேலை மிச்சம். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு ஒரு தொகுதிகூடக் கிடைக்காமல் போக, சட்டமும் போயிற்று.

ஒரு எச்சரிக்கை. இந்த அளவுகோலை வடபழனி கோயில் பக்கம் எடுத்துப் போகாதீர்கள். அண்ணாசாமி நாயக்கர் தீராத வயிற்றுவலியோடு திருத்தணிக்குப் போய், நாக்கை அறுத்துப் பாவாடம் செலுத்தி, வலி தீர்ந்து திரும்பி, இங்கே குடிசை போட்டு முருகன் படத்தை வைத்துக் கும்பிட்டார் என்கிறது தல வரலாறு. வயிற்றுவலிக்காகத்தானே முருகா என்றீர் என்று அவரை யாரும் மடக்கியதில்லை, மடக்கவும் கூடாது. அந்தக் கேள்வியைப் பத்திரமாக வைத்திருந்து, மாடி ஜெபக்கூடத்தில் “என் வயித்துவலி போச்சு, ஸ்தோத்திரம்” என்று சாட்சி சொல்பவரிடம் கேளுங்கள்.

கடைசியாக நேர்முக விசாரணை. பாத்திரம் தேய்த்து முடித்து அவர் கை துடைக்கும் நேரம் பார்த்து, “உண்மையைச் சொல்லு, என்ன கொடுத்தாங்க?” என்று ஆரம்பியுங்கள். “போன மாசம் நீங்க பழனிக்குப் போய் முடி கொடுத்தது எதுக்குக்கா?” என்று அவர் திருப்பிக் கேட்கக்கூடும். பையனுக்கு மெடிக்கல் சீட் கிடைத்ததற்கு என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். பேச்சை மாற்றுங்கள். மெட்ரோ தண்ணீர், வெயில், எது வேண்டுமானாலும் பேசலாம். சம்பளத்தைப் பற்றி மட்டும் வேண்டாம்.