ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி ஓடாத ஊர்

ஸ்டுட்கார்ட்,
மார்ச் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமும் அப்பா நலமும் அறிய ஆவல் என்று முறைப்படி எழுத வேண்டும். நேற்று ராத்திரிதான் வீடியோவில் பேசினோம். ஆனால் பேசிய நேரத்தில் முக்கால்வாசி நம் கூடத்து மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். போனை முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். எதிர்வீட்டு மாமிக்கு வாசித்துக் காட்டவும் உனக்கு வசதியாக இருக்கும்.

மே மாதம் வரும்போது என்னென்ன எடுத்துவரட்டும் என்று கேட்டிருந்தாய். விமான நிலையத்தில் உன்னோடு சேர்ந்து நானும் திண்டாடாமல் இருக்க, இதைக் கவனமாகப் படி. ஐரோப்பாவுக்குள் வருகிறவர்கள் பெட்டியில் இலை, காய், பழம் எது இருந்தாலும், அதில் பூச்சியோ நோயோ இல்லை என்று அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். 2019 டிசம்பரிலிருந்து இதுதான் சட்டம். ஐந்தே ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழை, பேரீச்சை. யார் உட்கார்ந்து இந்தப் பட்டியலைப் போட்டார்களோ, அவருக்கு நம் ஊர்த் தாம்பூலத் தட்டு பாதிதான் தெரிந்திருக்கிறது. தேங்காய் வரலாம், பழம் வரலாம். வெற்றிலை மட்டும் வாசலிலேயே நிற்க வேண்டும்! கறிவேப்பிலை, முருங்கைக்காய், நம் கொல்லை மாங்காய் எல்லாவற்றுக்கும் அதே கதிதான். புடவை மடிப்புக்குள் ஒரு கொத்து வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று யோசிக்காதே. உனக்குப் பொய் சொல்ல வராது. சுங்க அதிகாரி குட்மார்னிங் சொன்னாலே கறிவேப்பிலையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாய்.

பால் பண்டங்களுக்கும் தடை. அதாவது நெய் கிடையாது. பேரப்பிள்ளைகள் நெய் இல்லாமல் எப்படி வளருவார்கள் என்று நீ விடுகிற பெருமூச்சு இங்கே கேட்கிறது. கவலைப்படாதே. இந்த ஊர்க்காரர்களும் வெண்ணெயை உருக்கித்தான் சமைக்கிறார்கள். 'பட்டர்ஷ்மால்ஸ்' என்று எல்லாக் கடையிலும் விற்கிறது. பார்த்தால் நெய், தொட்டால் நெய், மோந்தால் மட்டும் ஒன்றுமில்லை. நீ வெண்ணெயை முறுகக் காய்ச்சி, இறக்கும்போது முருங்கை இலை போடுவாயே, அந்தக் கடைசி இரண்டு நிமிஷ வேலையை இவர்கள் செய்வதில்லை. அதனால் உப்பில்லாத வெண்ணெய் வாங்கி நானே காய்ச்சிக்கொள்கிறேன். உன் மருமகள் அடிச்சட்டியை வழித்து அதில் சோறு போட்டுப் பிசைகிறாள்; பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே நீ சாம்பார் பொடி, பருப்புப் பொடி, பெருங்காயம், அப்பளம் இவற்றை மட்டும் கொண்டு வா. போதும்.

கறிவேப்பிலை இல்லாமலா இருக்கிறோம்? அதற்கு ஈழத்து அண்ணன் ஒருவரின் கடை இருக்கிறது. "தம்பி, வெள்ளிக்கிழமைதான் இலை வரும், முதல்லயே சொல்லி வையுங்கோ" என்பார். நாற்பது வருஷமாக ஜெர்மனியில் இருக்கிறவர். ஜெர்மனியில் எந்தக் கஷ்டத்துக்கும் அவரிடம் ஒரு வழி உண்டு. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குத் தேர் பார்க்கப் போகச் சொன்னதும் அவர்தான். 2002-ல் கும்பாபிஷேகம் ஆன கோயில். ராஜகோபுரம், தேர், காவடி, தண்ணீர்ப் பந்தல் எல்லாம் உண்டு. உன்னையும் அழைத்துப் போகிறேன். அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து நம் வீட்டில் ஒரு கட்சிமாற்றமும் நடந்திருக்கிறது: சின்னவன் ரசத்தை விட்டுவிட்டு சொதி கேட்கிறான். அப்பாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்.

நீ கொடுத்தனுப்பிய பழைய மிக்ஸி நன்றாக ஓடுகிறது. இங்கேயும் நம் ஊர் போலவே 230 வோல்ட். பிளக்குக்கு மட்டும் ஒரு அடாப்டர் வேண்டும். அமெரிக்காவில் 120 வோல்ட் என்பதால், சித்தி தன் மகனுக்கு ஆசையாக அனுப்பிய மிக்ஸி அலமாரியில் கொலுவிருக்கிறது. அந்த வகையில் நான் கொடுத்து வைத்தவன். ஆனால் வாரத்தில் ஒரு நாள் என் மிக்ஸியும் கொலுவில்தான்.

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 1919-ல் எழுதிய சட்டத்தில் இருந்த அந்த வரியை, 1949-ல் புதுச் சட்டம் எழுதியபோதும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை ராத்திரி கடையை மூடினால் திங்கட்கிழமை காலைதான் திறப்பார்கள். ரயில் நிலையம், பெட்ரோல் பங்க், காலையில் சில மணி நேரம் ரொட்டிக் கடை, அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் தக்காளி வாங்க மறந்தவன் ஞாயிற்றுக்கிழமை புளியை நம்பித்தான் வாழ வேண்டும். சத்தமும் கூடாது. சுவரில் துளை போடக் கூடாது, புல் வெட்டும் இயந்திரம் ஓட்டக் கூடாது. மிக்ஸியைப் பெயர் சொல்லி யாரும் தடை செய்யவில்லை. நம் மிக்ஸியை அவர்கள் கேட்டதில்லை, அவ்வளவுதான். குடிவந்த புதிதில் ஒரு ஞாயிறு காலை தேங்காய்ச் சட்னிக்குப் பொத்தானைத் திருப்பினேன். கீழ்வீட்டுப் பாட்டி மாடி ஏறி வந்து, "ஏதாவது சுவரை இடிக்கிறீர்களா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கல்தான். ஆசியக் கடையில் ஒரு சின்னக் கல்லுரல் வாங்கினோம். அடியில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, பெரியவள் அதில் துவையல் இடிக்கிறாள். முதலில் மிளகாயும் உப்பும், அது நசுங்கிய பிறகு வறுத்த பருப்பு, கடைசியில் தேங்காய், இந்த வரிசை மாறினால் தம்பிக்காரன் சண்டைக்கு வருகிறான். புளி ஒரு சிட்டிகை கூடிவிட்டால் இருவரும் விரலை நக்கிப் பார்த்து, தீர்ப்பு சொல்ல என்னிடம் நீட்டுகிறார்கள். நான் தீர்ப்பு சொல்வதில்லை. மறுபடி மறுபடி ருசி பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இட்லி வேகும் முன்பே துவையலில் பாதி தீர்ந்துவிடுகிறது.

இட்லி என்றதும் ஞாபகம் வருகிறது. மாவு புளிப்பது இங்கே ஒரு குடும்ப விழா. மாயவரத்தில் நீ ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இங்கே குளிர்காலத்தில் சமையலறையில் வைத்தால் மறுநாளும் அதே இடத்தில் தியானம் செய்துகொண்டிருக்கும். அதனால் மின் அடுப்புப் பெட்டிக்குள் விளக்கை மட்டும் போட்டு, அந்தச் சூட்டில் பாத்திரத்தை வைக்கிறோம். வெள்ளிக்கிழமை ராத்திரி வைத்தால் சனிக்கிழமை சாயங்காலம் பொங்குகிறது. கண்ணாடிக் கதவு வழியாக மஞ்சள் வெளிச்சத்தில் மாவு ஏறுவது தெரியும். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து டி.வி. பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். "அப்பா, ஒரு குமிழி உடைந்தது!" என்று நேரடி வர்ணனை வேறு.

நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள்தான் நினைவுக்கு வருகின்றன. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாங்கள் கொல்லையில் நிற்க, நீ அம்மியில் அரைக்க, அப்பா திண்ணையில் பேப்பரை விரித்து அதன்மேல் வாழைப்பூ ஆய்வார். ஒவ்வொரு பூவிலும் கள்ளனை எடுக்கிற வேலை எங்களுக்கு. பத்து பூவுக்கு ஒரு கதை என்று அப்பா கணக்கு வைத்திருந்தார். அன்றைக்கு எங்கேயும் போக இடமில்லை, வாங்கக் கையில் காசும் இல்லை; அதனால் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தோம். இங்கே காசு இருக்கிறது, ஆனால் அரசாங்கம் கடையைப் பூட்டி வைத்திருக்கிறது. ஆக, பலன் ஒன்றுதான். வேறு போக்கிடம் இல்லாததால் நாலு பேரும் சமையலறையில் இடித்துக்கொண்டு நிற்கிறோம். கடைக்கார அண்ணன் வாழைப்பூ வரவழைத்தால் கள்ளன் எடுக்கும் வேலை பிள்ளைகளுக்கு. கதைக்கு மட்டும் பஞ்சம். அப்பாவிடம் கொஞ்சம் ஸ்டாக் கொண்டுவரச் சொல். அதற்குச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள்.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் ராத்திரி அடுப்பு மூட்டுவது குறைவு. ரொட்டி, சீஸ், ஒரு வெள்ளரிக்காய் என்று முடித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நாம் கடுகு தாளித்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. பாட்டி புகார் சொல்வார் என்று நினைத்தேன், அவரோ, "இன்று என்ன?" என்று படிக்கட்டிலேயே கேட்க ஆரம்பித்தார். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தபோது எப்படிச் செய்தது என்றார். உன் பித்தளை நாழியைக் காட்டினேன். குடுகுடுவென்று கீழே போய், நீளக் கைப்பிடி போட்ட ஓர் அச்சோடு திரும்பி வந்தார். 'ஸ்பெட்ஸ்லே' பிழிகிற அச்சாம். கோதுமை மாவும் முட்டையும் கலந்து பிசைந்து, கொதிக்கிற தண்ணீரில் நேரே பிழிவார்கள். மேலே மிதந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அச்சில் இடியாப்ப மாவைப் போட்டுப் பார்த்தோம். கோபித்துக்கொள்ளாதே அம்மா, உன் நாழியில் பிழியும்போது தோள்பட்டை கழன்றுவிடும். இதில் ஒரே அழுத்துதான்.

ஸ்பெட்ஸ்லேவுக்குத் தொட்டுக்கொள்ள அவர்கள் வைப்பது பயறு. கடைசியில் வினிகர் ஊற்றிப் புளிப்பாக இறக்குவார்கள். சின்னவன் அதற்கு 'ஜெர்மன் சாம்பார்' என்று பெயர் வைத்துவிட்டான். பக்கத்து ஸ்வாபிய மலைப் பகுதியின் பழைய பயறு ரகம் ஒன்று, பயிரிடுவாரில்லாமல் அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்களாம். 2006-ல் ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வாவிலோவ் விதைக் களஞ்சியத்தில் அதன் விதை கிடைக்க, கொண்டுவந்து மறுபடி விதைத்திருக்கிறார்கள். ஒரு பிடி பருப்புக்காக ரஷ்யா வரை போன ஜனங்களிடம் நமக்கு என்ன மனக்குறை இருக்க முடியும்?

காப்பிக்கும் கவலை இல்லை. நம் பித்தளை ஃபில்டர் இங்கேதான் இருக்கிறது. பாட்டி காகித ஃபில்டர்தான் வைத்திருக்கிறார். அதைக் கண்டுபிடித்தவரும் ஒரு வீட்டுக்கார அம்மாதான்: டிரெஸ்டன் நகரத்து மெலிட்டா பென்ட்ஸ். காப்பியில் மண்டி வருகிறதே என்று எரிச்சல்பட்டு, பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்தாராம். 1908-ல் காப்புரிமையே வாங்கிவிட்டார். நீயும் என் நோட்டைக் கிழித்து வடகம் காயவைத்திருக்கிறாய். உனக்குத்தான் காப்புரிமை வாங்கத் தோன்றவில்லை.

கடைசியாக ஒன்று. இந்த ஊரில் படிக்கட்டும் வாசலும் பெருக்குவது முறை வைத்து நடக்கும். 'கேர்வோக்கே' என்று எழுதிய பலகையை எந்த வீட்டுக் கதவில் மாட்டுகிறார்களோ, அந்த வாரம் அந்த வீட்டுக்காரர் விளக்குமாற்றோடு இறங்க வேண்டும். கொலம்பஸ் கப்பல் ஏறிய அதே 1492-ல், அவரவர் குப்பையை அவரவரே அகற்ற வேண்டும் என்று ஸ்டுட்கார்ட்டில் சட்டம் போட்டார்களாம். 1988-ல் நகராட்சி அந்த விதியை எடுத்துவிட்டது. பலகையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மே மாதம் நீ வந்து இறங்குகிற வாரம் எங்கள் முறை. நீ விடியற்காலை எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவாய் என்று பிள்ளைகள் பாட்டியிடம் சொல்லிவிட்டார்கள். அரிசி மாவில் போடுவதா, எறும்பு சாப்பிடவா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, "அப்படியானால் என் முறையையும் அவரே எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அன்பு மகன்

பி.கு.: அப்பா காலை ஆறு மணிக்குக் காப்பி குடித்ததும் எனக்குப் போன் செய்கிறார். இங்கே அப்போது ராத்திரி ஒன்றரை. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அப்புறம் அது இரண்டரை ஆகும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை இந்தக் கட்டடத்தில் சத்தம் கூடாது. மாயவரத்துக்கும் ஜெர்மனிக்கும் உள்ள தூரத்தை மனதில் வைத்துத்தான் அப்பா கத்துகிறார், தெரிகிறது. ஆனால் ஸ்பீக்கர் போடாமலே கீழ்வீடு வரை கேட்கிறது. போன வாரம் பாட்டி படிக்கட்டில் நிறுத்தி, உங்கள் அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா என்று விசாரித்தார்.