காதுக்குள் ஒரு வாசிகசாலை

ஒலிநூல் என்று இப்போது பெரிதாகச் சொல்கிறார்களே, அதை மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சானில் நாங்கள் சின்ன வயதிலேயே, அதுவும் காசில்லாமல், கேட்டு வளர்ந்தவர்கள். வாசிகசாலைக்கு வரும் ஒரேயொரு ஞாயிறு வீரகேசரியை மாமா ஒருவர் உரத்து வாசிப்பார், காந்தியையோ தத்துவஞானி ரஸலையோ பற்றிய கட்டுரை என்றால் இரண்டு பந்திக்கு ஒரு தடவை வாசிப்பு நின்றுவிடும், "அந்தாள் சொன்னது சரியோ?" என்று ஒருவர் கிளப்பிவிட, வயலிலிருந்து நேரே வந்த இன்னொருவர் ரஸலோடேயே சண்டைக்குப் போக, கட்டுரை முடிவதற்குள் வெற்றிலைத் தட்டம் வெறுமையாகிவிடும். நானோ இலங்கை வானொலி எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் எனக்குள் குடியிருப்பதாக நம்பிய பையன். பத்திரிகை என் கைக்கு வந்த அபூர்வ வேளைகளில், மரண அறிவித்தலைக்கூடப் பிறந்தநாள் வாழ்த்தின் உற்சாகத்தோடு வாசித்திருக்கிறேன்.

பிறகு லாஞ்சுக் காலம். மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் கொட்டியாரக் குடாவைக் கடக்கும்வரை மடியில் புத்தகம், முகத்தில் உப்புத் தூவல், பக்கத்திலிருப்பவரின் கண்ணும் அதே பக்கத்தில். தாளைப் புரட்டப் போனால் "பொறு தம்பி, நான் இன்னும் முடிக்கல்ல" என்பார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, மற்றப் பாலங்களும் வந்தன, தரைவழி சுருங்கியது. மிச்சமான நேரத்தை பஸ்ஸின் சினிமாப் பாட்டு எடுத்துக்கொண்டது.

அந்தப் பாட்டிலிருந்து தப்பத்தான் இப்போது காதில் கட்டுரைகள். குரலில் குறையில்லை, உச்சரிப்பு சுத்தம், வேகத்தை ஒன்றரை மடங்காக்கினால் ரஸலும் பஸ் கொண்டக்டரைப்போல அவசரப்படுகிறார். இவ்வளவு எளிதாகப் புத்தகம் கிடைக்கும்போது ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது: எங்கள் கொட்டியாரக் கரையில் 1660இல் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், சிறைப்பட்டிருந்த காலத்தில் பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்துத்தான் ஒரு பைபிளை வாங்கினார். அன்று ஒரு புத்தகத்துக்கு ஒரு தொப்பி. இன்று தொப்பி விலைக்குள் கைத்தொலைபேசி நிறையப் புத்தகம், அவற்றில் பாதியில் நிறுத்தியவைதான் அதிகம்.

எல்லாம் வசதிதான். ஆனால் குறுக்கே பேச ஆளில்லாமல் கேட்கிற கட்டுரையில் எல்லாப் பெரிய மனிதரும் சொன்னதெல்லாம் சரியாகிவிடுகிறது. ஆகவே ஒன்று சொல்கிறேன்: காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டுச் சத்தமாகப் போடுங்கள், அடுத்த வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள். சண்டை வந்தால், அது நல்ல கட்டுரை.