கெடாவும் வாழைக் கன்னும்

மாப்ளே, நீ அனுப்புன நோட்டீசைப் பேத்தி வாசிச்சுக் காட்டுனா. ஸ்டெம் செல் ஊசி போட்டா மூட்டுவலி ஓடிரும், சொட்டையில முடி வரும், வயசுல பத்து குறையும்னு போட்டிருக்கான். மூணு லட்சமாம். பத்து வருசத்துக்கு முந்தி நீ எப்படி இருந்தேன்னு பழைய போட்டோவை எடுத்துப் பாத்தேன். இந்த லட்சணத்துக்குத் திரும்பிப் போகவா மூணு லட்சம்?

கோவிச்சுக்காத. மாமன் மெத்தப் படிச்சவன் இல்ல. கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டரா 31 வருசம் கெடாவுக்குக் காயடிச்சவன். இந்த விசயத்துல அந்த அனுபவம் எம்புட்டுப் பெருசுன்னு பொறவு சொல்றேன்.

ஸ்டெம் செல்லுன்னா என்னன்னு நம்ம தோட்டத்து வாழையப் பாத்தாலே வெளங்கிரும். மேல நிக்கிறது மரமே இல்ல, மட்டைய மட்டையச் சுருட்டிக்கிட்டு நிக்கிற வேஷம். தார் போட்டதும் அதுக்கு ஆயுசு முடிஞ்சது. உசுரு மண்ணுக்குள்ள கிழங்குல இருக்கு. தானும் இருக்கும், கன்னும் விடும். உன் எலும்பு மஜ்ஜையிலயும் அந்தக் கிழங்குதான். ரெண்டாப் பிரிஞ்சா ஒண்ணு கிழங்காவே தங்கிக்கும், இன்னொண்ணு சிவப்பணு, வெள்ளையணுன்னு பேர் வாங்கிக்கிட்டு வேலைக்குப் போயிரும். சிவப்பணுவுக்கு ஆயுசே 120 நாள். நீ நேந்திரம் நட்டுத் தார் வெட்டுறதுக்குள்ள ரெண்டு தலைமுறை செத்துப் பொறந்துரும்.

மூப்பும் அதே கணக்குதான். ஒரே கட்டையில மறுதாம்பு மறுதாம்பா எடுத்துக்கிட்டே இருந்தா தார் சிறுக்குமா இல்லையா? வயசான உடம்புல கிழங்கும் சோம்பிப் போகும். ஆற வேண்டிய புண்ணு அதனாலதான் ஆறாம நிக்குது.

இதெல்லாம் பித்தலாட்டம்னு நான் சொல்லல. வேலூர் சி.எம்.சி.ல 1986லயே எலும்பு மஜ்ஜை மாத்துனாக. ரத்தப் புத்துநோயில செத்துருவாகன்னு நெனச்ச எத்தனையோ பேரு அந்த வைத்தியத்தால இன்னைக்குப் பேரன் பேத்தி எடுத்திருக்காக. நான் வெத்தலை போடுறவன்ல, இன்னொண்ணு கேளு. இந்தச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துப் புள்ளைக விளையாடி, அது கண்ணுல தெறிச்சா கருவிழி ஓரத்துல இருக்கிற கிழங்கு வெந்து போகும், பார்வை மங்கிரும். ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் ஆஸ்பத்திரியில அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு 2012ல வெளியிட்டாக. நல்ல கண்ணோட ஓரத்துல ரெண்டு மில்லிமீட்டர் துண்டு எடுத்து, பொடிசா நறுக்கி, வெந்த கண்ணு மேல பனிக்குடச் சவ்வை விரிச்சு, நாத்து நடுற மாதிரிப் பதிக்கிறாக. பிடிச்சு வளந்துருது. இதக் கேட்ட அன்னைக்கே டப்பாவைப் பரண்ல ஏத்திட்டேன்.

இதுல ஒண்ணைக் கவனிச்சியா? கண்ணுக்குக் கண்ணோட கிழங்கு, ரத்தத்துக்கு மஜ்ஜையோட கிழங்கு. உன் நோட்டீசுக்காரன் வயித்துக் கொழுப்பை உறிஞ்சி முட்டிக்கும் குத்துவானாம், மூளைக்கும் ஏத்துவானாம், மயிருக்கும் தடவுவானாம். அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல மூணு பாட்டிமாருக்கு இப்படித்தான் வயித்துக் கொழுப்புல எடுத்த செல்லைக் கண்ணுல குத்துனாங்க. ஆளுக்கு 5,000 டாலர். மூணு பேருக்கும் பார்வை போச்சு. 2017ல டாக்டர்மாரே எழுதிப் போட்டாக. இன்னொரு புள்ளை, பாவம், முதுகுத்தண்டு அடிபட்டதுன்னு போர்ச்சுகல் போயி மூக்குக்குள்ள இருந்து எடுத்த செல்லை வச்சுக்கிச்சு. எட்டு வருசம் கழிச்சு முதுகுக்குள்ள கட்டி. தொறந்து பாத்தா உள்ள மூக்குச் சதை, சளி. கிழங்கு தன் குணத்தை விடல பாத்தியா?

முட்டிக்காவது உண்டான்னு கேப்ப. அமெரிக்காவுல மூட்டுவலிக்காரங்க 400 பேருக்கு மேல ஒரு வருசம் வச்சுப் பாத்து 2023ல சொன்னாக: சாதா ஸ்டீராய்டு ஊசிய விட இந்தச் செல்லு ஊசி ஒரு இம்மியும் ஒசத்தி இல்ல. நம்ம நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஐ.சி.எம்.ஆர். 2017லயே வரைமுறை போட்டிருச்சு. ரத்தச் சீக்கு மாதிரி ஒப்புக்கொண்ட சிலது தவிர மிச்சமெல்லாம் ஆராய்ச்சியாத்தான் செய்யணும்னு. ஆராய்ச்சிக்கு எலி காசு குடுத்தா போகும்?

ஜப்பான்ல யமனாகான்னு ஒருத்தரு 2006ல எலியோட சாதாரண செல்லுக்குள்ள நாலே நாலு மரபணுவை விட்டு, மறுபடி கருவுல இருந்த பருவத்துக்கே கொண்டுபோனாரு. நோபல் குடுத்தாக 2012ல. வயசைப் பின்னால திருப்ப முடியும்னு காட்டுன மகராசன். ஆனா அந்த நாலுல ஒண்ணு புத்துநோய்க்கு ஒண்ணுவிட்ட பங்காளி, சில எலிக்குக் கட்டி வந்துருச்சு. வண்டியப் பின்னால எடுக்கத் தெரியுது மாப்ளே, பிரேக்குதான் இன்னும் தேடுறாக.

அமெரிக்காவுல பிரையன் ஜான்சன்னு ஒரு கோடீஸ்வரரு இளமை வேணும்னு 2023ல சொந்த மகனோட ரத்தப் பிளாஸ்மாவையே ஏத்திக்கிட்டாரு. அப்புறம் பிரயோசனம் இல்லேன்னு விட்டுட்டாரு. நம்ம யயாதி மகன்கிட்ட இளமைய வாங்கி, ஆயிரம் வருசம் ஆண்டு பாத்துட்டுத்தான் திருப்பிக் குடுத்தான். இவருக்குச் சில மாசத்துலயே புத்தி வந்துருச்சு. முன்னேத்தம்தான்.

இப்ப என் அனுபவத்துக்கு வாரேன். 1917, 18 வாக்குல அமெரிக்காவுல கான்சாஸ்ல மில்ஃபோர்டுன்னு ஒரு குட்டி ஊரு. அங்க பிரிங்க்லின்னு ஒருத்தன். தளர்ந்துபோன ஆம்பளைகளுக்குக் கெடாவோட விதைய எடுத்து உள்ள வச்சுத் தச்சு விடுவான். ஒரு ஆபரேசனுக்கு 750 டாலர். சம்சாரிக வரிசையில நின்னாக மாப்ளே! சொந்தமா ரேடியோ நிலையம் வச்சு விளம்பரம். 1930ல லைசன்சைப் புடுங்குனாக. அந்த வருசமே கவர்னர் தேர்தல்ல நின்னு லட்சத்துக்கு மேல ஓட்டு வாங்குனான். 1939ல தன்னை மோசடிக்காரன்னு எழுதுன டாக்டர் மேல மானநஷ்ட வழக்குப் போட்டு, தானே தோத்தான். கடைசில திவால்.

750 டாலர்! 31 வருசமா நான் குழியில வீசுன சரக்கு. அன்னைக்கே தெரிஞ்சிருந்தா பென்சனுக்கு ஏன் பேங்குல நிக்கப்போறேன்?

வார வெள்ளிக்கிழமை ஊருக்கு வா. வாழைக்குப் பக்கக் கன்னு எடுக்க ஆளு கிடைக்கல. குனிஞ்சு நாலு கன்னு எடுத்தா உன் முட்டி எப்படின்னு தெரிஞ்சுரும். பெரிய வீட்டுக்காரர் ரெண்டு கெடாவுக்குக் காயடிக்கக் கூப்பிட்டிருக்காரு. உனக்கு வேணும்னா ஒரு போன் போடு, எடுத்து வைக்கிறேன். சொந்தக்காரன்னு ஒத்தப் பைசா வாங்க மாட்டேன்.