வட்டம் நிரப்பியவர் கட்டுரை எழுதுகிறார்

புணேயை அடுத்த கடக்வாஸ்லாவில் ஒரு வகைக் கல்லூரி மாணவரைப் பார்க்கலாம். தலையில் முடி அரை அங்குலத்துக்கு மேல் இருக்காது. நடக்க மாட்டார், ஒன்று ஓடுவார், இல்லாவிட்டால் வரிசையில் சைக்கிள் மிதிப்பார். சைக்கிள் பஞ்சராகிவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். பையில் இருக்கும் புத்தகங்கள் புத்தம் புதியவை. டெர்ம் முடியும்போதும் அப்படியே இருக்கும். பெயர் என்ன என்று கேட்டால், பெயருக்கு முன்னால் ‘சார்’ என்று ஒரு சத்தம் வரும். தேசிய பாதுகாப்பு அகாடமியில் இவருக்கு வழங்கும் பெயர் ‘ஃபர்ஸ்ட் டெர்மர்’. மூன்று வருஷத்தை ஆறு டெர்ம்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் முதலாவதில் மாட்டிக்கொண்டவர்.

ஊரில் எல்லோரும் பையன் பட்டாளத்துக்குப் போயிருக்கிறான் என்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவர் பட்டப்படிப்பு மாணவர். பி.ஏ., பி.எஸ்ஸி., கணினி அறிவியலில் பி.எஸ்ஸி., பி.டெக். என்று வகைகள் உண்டு. பட்டம் தருவது டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். எதைச் சொன்னாலும் ‘ஏன்?’ என்று கேட்பதற்குப் பேர்போன பல்கலைக்கழகத்தின் பட்டம், எதைச் சொன்னாலும் ‘எஸ் சார்’ என்று சொல்லிப் பழகுகிறவருக்குக் கிடைக்கிறது. இரண்டும் ஒரே சான்றிதழில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன.

அந்தப் பட்டத்துக்கு வாசிக்க வேண்டும், எழுத வேண்டும். நம்மவருக்குச் சிக்கல் அங்கேதான்.

நாம் பார்க்கும் ஃபர்ஸ்ட் டெர்மர் உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அதே வட்டாரத்தில் அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. அங்கே படித்திருந்தால் பாதி வித்தை சிறு வயதிலேயே பிடிபட்டிருக்கும். இவர் அங்கே படிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை இவர் வாசித்தது ‘புக் பேக்’ ஒரு மதிப்பெண் வினாக்கள், கோனார் உரை, பரீட்சைக்கு முதல் நாள் கைமாறும் ‘முக்கிய வினாக்கள்’. எழுதியது முன்னுரை, பொருளுரை, முடிவுரை. தலைப்புகளுக்குக் கறுப்பு ஸ்கெட்ச், அடிக்கோட்டுக்கு நீலம். மற்றவர்களுக்கு முன்னால் எழுந்து நின்று ‘அடிஷனல் ஷீட்’ வாங்குவது ஒரு வீரச்செயல். வாங்கிய தாளில் என்ன எழுதினார் என்பது வேறு விஷயம்.

பிறகு அகாடமியில் சேர யு.பி.எஸ்.சி. தேர்வு. கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறனுக்கு 600. அந்த அறுநூறில் ஆங்கிலத்துக்கு 200. ஆங்கிலம் என்றதும் பக்கம் பக்கமாக எழுத வேண்டும் என்று பயப்பட வேண்டாம். ஐம்பது கேள்விகள், எல்லாவற்றுக்கும் நான்கு விடைகள் தயார். பொருத்தமான சொல், எதிர்ச்சொல், பிழை கண்டுபிடி, கலைத்துப்போட்ட வாக்கியத்தை ஒழுங்குபடுத்து. நம்மவர் பிறர் எழுதிய வாக்கியங்களில் பிழை கண்டுபிடித்தார், பிறர் கலைத்த வாக்கியங்களை அடுக்கினார், வட்டங்களை நிரப்பினார். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதாமலே ஆங்கிலத்தில் தேறிவிட்டார்.

அடுத்து எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வு. இங்கேதான் நம் எழுத்தாளர் பிறக்கிறார். திரையில் மங்கலான படம் ஒன்று முப்பது வினாடி தெரியும். நான்கு நிமிஷத்தில் அதற்கு ஒரு கதை எழுத வேண்டும். இப்படிப் பதினொரு படங்கள். பன்னிரண்டாவது வெறும் வெள்ளை. படமே இல்லாமல் கதை. பிறகு அறுபது சொற்கள், சொல்லுக்குப் பதினைந்து வினாடியில் ஒரு வாக்கியம். பிறகு முப்பது நிமிஷத்தில் அறுபது இக்கட்டுகள்: இப்படி நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? யோசிக்காமல் எழுதவைத்து மனசைப் பிடிப்பதுதான் உளவியலாளரின் நோக்கம். கோச்சிங் சென்டர்காரர்கள் அதற்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். கதையில் ஒரு துடிப்பான இளைஞன் வர வேண்டும். அவன் ஆபத்தைக் கவனிக்க வேண்டும், ஊரைத் திரட்ட வேண்டும், முதலுதவி செய்ய வேண்டும், எல்லாம் முடிந்து நேரத்துக்கு வீடு திரும்ப வேண்டும். சாகக் கூடாது. அழக் கூடாது.

அந்த இளைஞனை நம்மவர் பெட்டி படுக்கையோடு கடக்வாஸ்லாவுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

முதல் கட்டுரை: மூன்றாம் பானிபட் போரில் மராட்டியர் ஏன் தோற்றார்கள்? நடந்தது 1761 ஜனவரி 14-இல். புணேயின் படை அது. மாணவர் உட்கார்ந்து எழுதும் மண்ணுக்கும் அந்தத் தோல்விக்கும் நேரடி உறவு உண்டு. உணவு வரும் வழிகள் அறுபட்டது, படையோடு திரளாகப் போன யாத்திரிகர்களும் குடும்பங்களும், கைவிட்டுப் போன கூட்டாளிகள் என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. நம்மவர் கட்டுரையில் மராட்டியத் தளபதி சதாசிவ ராவ் பாவ் துடிப்பான இளைஞராக வருகிறார். ஆபத்தை முன்கூட்டியே உணர்கிறார், வீரர்களைத் திரட்டுகிறார், காயம்பட்டவர்களுக்கு உதவுகிறார். மூன்றாம் பக்கத்தில் அவர் போரில் ஜெயிக்கும் நிலைக்கே வந்துவிட்டார். மணி அடித்ததால் மராட்டியர் தோற்றார்கள்.

அகாடமியின் நூலகத்துக்கு வியாசர் பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் ஃபர்ஸ்ட் டெர்மரைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். பாரதம் எழுத உட்கார்ந்த பிள்ளையார் ஒரு நிபந்தனை போட்டாராம்: நடுவில் நிறுத்தாமல் சொல்ல வேண்டும். வியாசர் பதிலுக்கு ஒன்று போட்டார்: பொருள் புரியாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது. நம்மவர் பிள்ளையாரின் நிபந்தனையை அப்படியே காப்பாற்றுகிறார். பேனா நிற்பதே இல்லை. வியாசர் சொன்னது இன்னும் அவர் காதில் விழவில்லை.

காதில் விழாததற்குத் தூக்கமும் ஒரு காரணம். விடிவதற்கு முன் எழுந்து, பி.டி., டிரில் முடித்து, அவசரமாகச் சாப்பிட்டு, வரிசையாகச் சைக்கிள் மிதித்து வகுப்புக்கு வந்து உட்காருகிறவரிடம் அரசியல் கோட்பாடு என்ன செய்யும்? கண் திறந்திருக்கும். முதுகு நேராக இருக்கும். பேனா தாளில் இருக்கும். நோட்டைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்: முதல் வரி முத்து முத்தாக, இரண்டாம் வரி சாய்ந்து, மூன்றாம் வரி தாளை விட்டே இறங்கி மேஜைக்குப் போய்விடும். அதற்குப் பெயர் வகுப்புக் குறிப்பு. பரீட்சைக்கு முன்னால் அந்தக் குறிப்பை இன்னொரு ஃபர்ஸ்ட் டெர்மர் பக்தியோடு நகல் எடுப்பார்.

மொழிச் சங்கடம் தனி. டிரில் மைதானத்தில் உஸ்தாத் இந்தியில் கட்டளையிடுகிறார். ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’, ‘தஹினே முட்’ வரை பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சமாளித்துவிடலாம். பாடம் ஆங்கிலத்தில். இது போதாதென்று அயல்மொழி ஒன்றும் உண்டு: அரபி, சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன். அரபி வாய்த்தவர் நிலை பரிதாபம். மைதானத்தில் லெஃப்ட்-ரைட், வகுப்பில் ரைட்டிலிருந்து லெஃப்ட்.

2022 ஆகஸ்டில் முதல் பெண் கேடட்கள் சேர்ந்தார்கள். அவர்களில் 17 பேர் 2025 மே 30 அன்று பட்டத்தோடும் அணிவகுப்போடும் வெளியேறினார்கள். ஆக, மேஜைக்கு இறங்கும் மூன்றாவது வரி இனி ஆண்களின் தனிச்சொத்து இல்லை.

சோம்பேறி என்று மட்டும் நம்மவரைச் சொல்லக் கூடாது. இரவுப் படிப்பு நேரத்தில் மஞ்சள் ஹைலைட்டரோடு உட்காருகிறார். முக்கியமான வரிக்கு மஞ்சள் பூசுகிறார். அடுத்த வரியும் முக்கியம் போலத் தெரிகிறது. பத்து நிமிஷத்தில் பக்கம் முழுக்க மஞ்சள். பூசாமல் விட்ட ஒரே வரிதான் இப்போது கண்ணில் படுகிறது. 2013-இல் ஜான் டன்லாஸ்கியும் சக உளவியலாளர்களும் படிப்பு முறைகளை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். கோடிழுப்பதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் கடைசி வரிசைக்குப் போயின. தன்னைத்தானே கேள்வி கேட்டுப் பார்ப்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் வரிசை.

இதில் ஒரு வேடிக்கை. ‘மேலோட்டமாகப் பார், கேள்வி எழுப்பு, வாசி, மூடிவிட்டுச் சொல், திரும்பிப் பார்’ என்று உலகமெங்கும் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லப்படும் ஐந்து படி முறை இருக்கிறதே, அது பிரான்சிஸ் ராபின்சன் 1946-இல் புத்தகமாகத் தந்தது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டாம் உலகப் போரின்போது அவசர அவசரமாகப் படிக்க அனுப்பப்பட்ட ராணுவ மாணவர்களோடு அவருக்கு ஏற்பட்ட அனுபவத்தில் விளைந்தது. பட்டாளத்துக்காரர்களுக்காக உண்டான முறையைப் பட்டாளத்துக்காரர் மட்டும் மஞ்சள் மையில் முக்கிவிட்டார்.

அதை அவருக்குத் திருப்பிக் கொடுத்தவர் ராபின்சன் அல்ல, ஐந்தாம் டெர்ம் சீனியர். தாழ்வாரத்தில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, தமிழ் வெளியே வருகிறது.

“டேய், எந்த ஊருடா?”

“உடுமலைப் பக்கம், சார்.”

“நான் மதுரை. சத்தமாப் பேசாத. படிக்கிறியா?”

“படிக்கிறேன், சார்.”

“இன்னைக்கு என்ன படிச்ச? அஞ்சு வரி சொல்லு.”

ஒரு வரியும் வரவில்லை. தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், புத்தகத்தைப் பார்க்காமல், சொந்த வார்த்தையில் ஐந்து வரி ஒப்பிக்க வேண்டும் என்று தீர்ப்பு. தவறினால் என்ன நடக்கும் என்பது அகாடமி முழுக்கத் தெரிந்ததுதான்; எழுத வேண்டியதில்லை. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு சோதனை செய்தார்கள். பாடத்தை மறுபடி வாசித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம். மதுரைச் சீனியருக்கு அந்த ஆய்வு தெரியாது. ஜூனியரைத் தூங்கவிடாமல் செய்யத் தெரியும்.

வாசிப்பு இப்படி வழிக்கு வந்தது. எழுத்து வழிக்கு வந்தது அப்பாவால்.

நம்மவர் வீட்டுக்கு எழுதிய முதல் கடிதங்கள் தந்தி ஜாதி. நலம். சாப்பாடு நன்று. பணம் வேண்டாம். அமராவதி அணைத் தண்ணீரை நம்பி விவசாயம் செய்யும் அப்பா, பதிலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அங்கே ஏதோ அணை இருக்கிறதாமே, நம்ம அணை மாதிரியா, அது உடைந்ததாமே, எப்படி? பரீட்சைக்கு வராத கேள்வி. கோனார் உரை கிடையாது. ‘பீகாக் பே’ துறையில் அந்த அணையின் நீரில்தான் கேடட்கள் படகு ஓட்டக் கற்கிறார்கள். நம்மவர் அதில் விழுந்து எழுந்திருக்கிறார். ஆனால் அணையைப் பற்றி ஒன்றும் தெரியாது. வியாசர் நூலகத்துக்குள் யாரும் சொல்லாமல் அவர் நுழைந்தது அன்றைக்குத்தான்.

முட்டா நதியின் குறுக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கல் அணை என்று தெரிந்தது. பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா வடிவமைத்த தானியங்கி மதகுகள் 1903-இல் முதலில் பொருத்தப்பட்டது இங்கே என்று தெரிந்தது. 1961 ஜூலை 12 அன்று மேலே பான்ஷேத்தில் கட்டுமானம் முழுதாக முடியாத மண் அணை உடைந்ததும், முந்தைய இரவெல்லாம் படைவீரர்கள் மணல் மூட்டை அடுக்கிப் போராடியதும், அந்த வெள்ளம் கடக்வாஸ்லா அணை மேல் வழிந்து அதையும் உடைத்துக்கொண்டு புணேக்குள் புகுந்ததும், பிறகு ஊரே குடிநீருக்குக் கிணறுகளைத் தேடியதும் தெரிந்தது. நம்மவர் சூட்டோடு சூடாக எழுதினார். மூன்றாம் பத்தியில் பழைய தோஷம் தலைகாட்டியது: ஒரு துடிப்பான இளைஞன் கசிவைக் கவனித்து ஊரை எழுப்பினான்.

அப்பாவின் பதில் வந்தது. எல்லாம் சரி, அந்தப் பையன் எந்த ஊரு, யாரு மகன்?

இரண்டாவது கடிதத்தில் இளைஞன் இல்லை. மண் அணைக்கும் கல் அணைக்கும் வித்தியாசம் இருந்தது. அமராவதியோடு ஒப்பிட்டு இரண்டு பத்தி இருந்தது. அடித்தல் திருத்தல் ஏராளம். அடிஷனல் ஷீட் இல்லை. பிறகு போனில் கிடைத்த சில நிமிஷத்தில் அம்மா சொன்னார்: “கண்ணு, அணையப் பத்தி எழுதுனத அப்பா டீக்கடையில வச்சுப் படிச்சுக் காட்டுனாரு. அங்க ஒருத்தரு மதகு எத்தனைன்னு கேட்டாரு. அதையும் எழுதிப் போடு.”

இதைக் கேட்டுவிட்டு நம்மவர் ஒரு நாள் நாவல் எழுதிவிடுவார் என்று நினைத்தால் அது அவசரம். ஆனால் முன்னுதாரணம் உண்டு. திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, டேராடூன் பள்ளிக்கும் கடக்வாஸ்லாவுக்கும் போய், 1959-இல் பீரங்கிப் படையில் அதிகாரியாகி, 2000 முதல் 2002 வரை தரைப்படைத் தளபதியாக இருந்த எஸ். பத்மநாபன், ஓய்வுக்குப் பின் 2004-இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் வெளியிட்டார். 2017-இல் இந்தியா அமெரிக்காவுக்கே ‘செக்மேட்’ வைப்பதாகக் கதை. பன்னிரண்டாவது படமாக வரும் வெள்ளைத் திரைக்கு இவ்வளவு நீளமாக வேறு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

உங்கள் தெருவிலிருந்தும் ஒரு பையனோ பெண்ணோ கிளம்பியிருந்தால் முறுக்கு டப்பாவோடு நிறுத்திவிடாதீர்கள். தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள். உங்களுக்கு நிஜமாகவே விடை தெரியாத கேள்வி ஒன்றை அதில் கேளுங்கள். பதிலில் துடிப்பான இளைஞன் வந்தால் யாரு மகன் என்று விசாரியுங்கள். கேடட் பெயர், ஸ்குவாட்ரன் பெயர், தேசிய பாதுகாப்பு அகாடமி, கடக்வாஸ்லா, புணே. பின்கோடு 411023.