பிரபு வீட்டுத் தங்கம்

கேள்வி: இங்கிலாந்துப் பிரபுக்களின் பழைய மாளிகைகளில் மார்பு உயரத்துக்கு நிற்கும் மெழுகுவர்த்தித் தாங்கிகள் முழுக்கத் தங்கமா?

பதில்: முழுக்கத் தங்கமென்றால் என்றைக்கோ உருக்கி விற்றிருப்பார்கள். உள்ளே இருப்பது வெறும் மரம், பல சமயம் சாதாரண பைன். செதுக்கிய மரத்தின் மேல் சுண்ணப்பொடியும் விலங்குப் பசையும் கலந்த குழம்பைப் பலமுறை பூசுவார்கள். காய்ந்ததும் நுணுக்கங்களை மறுபடி செதுக்கி, செம்மண் பூச்சுக் கொடுத்து, அதை நனைத்துத் தங்க ரேக்கை ஒட்டுவார்கள். தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய ரேக்கு அது. பக்கத்தில் தும்மினால் தொலைந்தது! கடைசியில் வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள்.

பகட்டுதான், ஆனால் கணக்கும் உண்டு. 1709 முதல் 1831 வரை அங்கே மெழுகுவர்த்திக்கே வரி. கொழுப்பு வர்த்தியைவிடத் தேன்மெழுகு வர்த்திக்குப் பல மடங்கு அதிகம். கண்ணாடிக்கு இருபுறமும் தங்கத் தாங்கியை நிறுத்தினால், ஏற்றிய சுடரின் ஒளி வீணாகாமல் அறைக்குள் திரும்பி வரும். கண்ணாடியில் தெரியும் சுடருக்கு எந்த அரசும் வரி போட முடியாதே!

செதுக்கு வேலையின் உச்சம் என்றால், ஹேக்லி ஹால் மாளிகைக்கு 1750களின் பிற்பகுதியில், லண்டன் கலைஞர் தாமஸ் ஜான்சனின் பாணியில் உருவானவற்றைச் சொல்வேன். தண்டைச் சுற்றி டால்பின்கள் பின்னிக்கொண்டிருக்கும். ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போனால் பாருங்கள், செதுக்கியவர் டால்பினை நேரில் பார்த்திருப்பார் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.