இரண்டு நாழிகையும் இரண்டு நிமிடமும்: மூவெட் கட்டுரை குறித்த ஓர் ஆய்வு

பினாங்கில் கட்டுரைத் தேர்வு எழுதிவிட்டு வெளியே வரும் பிள்ளைகளில் யாரைக் கேட்டாலும் ஒரே விடைதான்: "டைம் பத்தல சார்." டாக்டராகப் போகிறவர், வக்கீலாகப் போகிறவர், என்னவாகப் போகிறோம் என்று இன்னும் தெரியாதவர் என்ற பேதமே இல்லை. இக்கூற்று மெய்தானா என்பதை அறிஞர் எவரும் ஆராயத் துணியாதது தமிழாய்வுலகின் பெருங்குறை. அதை நீக்க எழுந்ததே இச்சிறு முயற்சி. ஆய்வுக்களம்: ஜார்ஜ்டவுன் டியூஷன் வகுப்புகளும், வகுப்பு விட்டதும் நிரம்பும் தே தாரேக் மேசைகளும். நிதிநல்கை: ஆய்வாளரின் மனைவி, அரைமனத்துடன்.

முதலில் நிலமும் பொழுதும். மலேசியத் தேர்வு மன்றம் 1999 முதல் நடத்திவரும் மூவெட் என்னும் ஆங்கிலத் தேர்வைத் தாண்டாமல் அரசுப் பல்கலைக்கழகத்துக்குள் போக முடியாது. மருத்துவமும் சட்டமும் கேட்கும் பேண்ட் சற்று உயரம். 2021-இல் மாற்றியமைத்தபடி எழுத்துத் தாளுக்கு 75 நிமிடம். அதில் 25 நிமிடம் கடிதத்துக்கோ மின்னஞ்சலுக்கோ. குறைந்தது 100 சொல். மீதி 50 நிமிடம் கட்டுரைக்கு. குறைந்தது 250 சொல். ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதை அறிவோம். ஆகவே கடிதத்துக்கு ஒரு நாழிகையும் ஒரு நிமிடமும். கட்டுரைக்கு இரண்டு நாழிகையும் இரண்டு நிமிடமும். நாழிகைக்கு ஒரு நிமிடம் வீதம் உபரி வருவது தற்செயலாகாது. பெருமூச்சு விடுவதற்கென்றே அது ஒதுக்கப்பட்டது என்பது இவ்வாய்வாளர் துணிபு. மன்றம் இதை இதுவரை மறுக்கவில்லை.

இனித் திணை. பினாங்கு தீவாதலின் நெய்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். "டைம் பத்தல" என்னும் புலம்பல் இம்மண்ணுக்கே உரியது என்பது இதனால் பெறப்படும். கருப்பொருள் வருமாறு: தெய்வம், காலடியில் பேனா வைத்துக் கும்பிடப்படும் பிள்ளையார், உணவு, தொண்டையில் இறங்காத நாசி லெமாக், பறை, "பேனாவைக் கீழே வை" என்னும் குரல். பொழுது மட்டும் இடிக்கிறது. நெய்தலுக்கு எற்பாடு என்பார்கள். இங்கோ தாளை வாங்க வரும் நேரமே இரங்கலுக்குரிய பொழுது. இதைத் திணைமயக்கம் என்று அமைத்துக்கொள்க.

மையக் கணக்கு இதுதான். 50 நிமிடத்தில் 250 சொல் என்றால் நிமிடத்துக்கு ஐந்து. மாமாக் கடையில் ஆர்டர் எடுக்கும் தம்பி ஒரே மூச்சில் அதைவிட அதிகம் சொல்கிறார். நம் பிள்ளையின் கை நிமிடத்துக்குப் பத்துச் சொல்தான் எழுதும் என்று கஞ்சத்தனமாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் கட்டுரை 25 நிமிடத்தில் முடிந்துவிடும். எஞ்சிய 25 நிமிடம் எங்கே போயிற்று?

இவ்விடத்தில் பார்க்கின்சனை அழைக்காமல் தீராது. கொடுத்த நேரம் எவ்வளவோ அவ்வளவுக்கும் வேலை விரியும் என்னும் விதியை அவர் 1955 நவம்பரில் 'எக்கானமிஸ்ட்' இதழில் வெளியிட்டபோது, அவருக்குச் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர் வேலை. நம் பக்கத்துக் காற்றில் விளைந்த சித்தாந்தம் என்று உரிமை கொண்டாடலாம். கட்டுரை மண்டபத்தில் அவ்விதி எப்படி வேலை செய்கிறது? முன்னுரை விரிகிறது. 'இன்றைய நவீன உலகமயக் காலத்தில்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒன்று தலைமுறை தலைமுறையாக டியூஷன் வகுப்புகளில் கைமாறி வருகிறது. கேள்வி பிளாஸ்டிக்கைப் பற்றியதானாலும் பேருந்தைப் பற்றியதானாலும் முதல் வரி அதுதான். நாசி கண்டாரில் குவா பஞ்சிர் கேட்டவர் தட்டுப்போல, சோறு எங்கே என்று தெரியாத அளவுக்குக் குழம்பு.

அடுத்ததுதான் நோயின் வேர். அதற்கு 'மூன்றாம் பத்தி ஞானோதயம்' என்று பெயரிடுகிறேன். திட்டமிடாமல் எழுதத் தொடங்கும் மாணவருக்குத் தம் கருத்து என்னவென்று மூன்றாம் பத்தியில்தான் தெரியவருகிறது. ஆனால் முதல் பத்தியில் அதற்கு நேரெதிராக ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது. இப்போது மூன்று வழிகள் உண்டு: முதல் பத்தியை அடிப்பது, மூன்றாம் பத்தியை அடிப்பது, முடிவுரையில் "இரு பக்கமும் உண்மை உள்ளது" என்று நழுவுவது. பெரும்பாலோர் மூன்றாவதைத் தேர்கிறார்கள். அதற்குமுன் இருபது நிமிடம் பேனாவைக் கடித்தபடி முதலிரண்டையும் யோசித்திருப்பார்கள். காணாமற்போன 25 நிமிடத்தில் பெரும்பங்கு இதுவே.

"திட்டம் போட நேரம் ஏது?" என்பாருக்கு விடை: அந்த ஞானோதயம் எப்படியும் வரப்போகிறது, வினாத்தாளின் ஓரத்திலேயே வந்துவிட்டால் அடித்தல் இல்லை. செய்ய வேண்டியதும் கொஞ்சந்தான். ஆதரிக்கிறேனா, எதிர்க்கிறேனா என்று ஒரு வரி. அதற்கு இரண்டு அல்லது மூன்று காரணம். ஒவ்வொன்றுக்கும் நாம் கண்ணால் பார்த்த ஒரு சான்று; பேருந்து பற்றிய கேள்விக்குக் கொம்தார் நிறுத்தத்தில் காத்திருந்ததே போதும், லண்டனுக்குப் போக வேண்டாம். எதிர்த்தரப்பில் வலுவான ஒரு வாதம், அதற்குப் பதில். முன்னுரையைக் கடைசியில் யோசித்தாலும் குற்றமில்லை.

தீவுக்குத் தேர்வு புதிதல்ல. பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் மாணவர் வூ லியென் தே 1896-இல் குவீன்ஸ் ஸ்காலர்ஷிப் வென்று கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தார். பின்னாளில் மஞ்சூரியாவின் கொள்ளைநோயை அடக்கியவர் அவரே. அக்காலத்தில் சீனாவின் சிங் அரசுக்குப் பணம் கட்டிப் பட்டம் வாங்கிய சீனச் செல்வந்தர்களும் இங்கே இருந்தார்கள். அந்த அரசின் தேர்வு கேட்ட எட்டுறுப்புக் கட்டுரையை எழுதும் தொல்லை அவர்களுக்கு இல்லை. அந்த வசதி நமக்கு இல்லாததால் மேலே செல்வோம்.

அமெரிக்கச் சட்டப்பள்ளிகளுக்கான எல்சாட் தேர்வில் 2024 முதல் கட்டுரைப் பகுதிக்கு 50 நிமிடம். அதாவது நம்முடைய அதே இரண்டு நாழிகையும் இரண்டு நிமிடமும். ஆனால் அவர்கள் அதை இரண்டாக வகுத்துவிட்டார்கள்: யோசிக்க 15, எழுத 35. வக்கீலாகப் போகிறவர்களையே நம்பவில்லை. யோசிக்கும் நேரத்தை விதியாக்கிக் கையில் கொடுத்தார்கள்.

ஆகவே தேர்வு மன்றத்துக்கு இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே: கட்டுரைக்கான 50 நிமிடத்தில் முதல் பத்தைத் தனியே பிரித்துக் கொடுங்கள். அது நடக்கும்வரை, டியூஷன் சார்களே, டீச்சர்களே, மாதிரித் தேர்வில் முதல் பத்து நிமிடம் பிள்ளைகளிடமிருந்து பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் மட்டும் கொடுங்கள்.